முப்பது ஹெர்ட்ஸும் என் வலது கையும்

பத்து நாள் நான் என் வலது கையைத்தான் சந்தேகப்பட்டேன்.

மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி கூடவே வராமல் ஒரு எட்டு பின்னால் வந்தது. நிறுத்தினால் நான் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. ஒரு பெட்டியைப் பிடிக்கப் போனால் பக்கத்துப் பெட்டி மாட்டியது. நாற்பத்தேழு வயது, இருபது வருடமாக மவுஸ் பிடிக்கிற பிழைப்பு, தோளில் ஏற்கெனவே ஒரு பிடிப்பு. சரி, கை தளர்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். வீட்டுக்காரர் தைலம் வாங்கி வந்தார். மவுஸுக்கு பேட்டரி மாற்றினேன். ஒரு நாள் முழுக்க இடது கையால் ஓட்டிப் பார்த்தேன். இடது கையிலும் அதே தாமதம். "ரெண்டு கையும் போச்சா" என்று பயந்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை.

கதையை முன்னாலிருந்து சொல்கிறேன்.

எனக்குத் தொழில் புத்தகப் பக்க வடிவமைப்பு. சென்னை நங்கநல்லூர் வீட்டின் முன்னறைதான் அலுவலகம். சின்னப் பதிப்பகங்கள் கோப்பை அனுப்புவார்கள். பக்கம் போட்டு, மெய்ப்பு பார்த்தவர் போட்ட திருத்தங்களைச் சேர்த்து, அச்சுக்குப் பிடிஎஃப் கொடுப்பது வரை என் வேலை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து யூனிகோடுக்கு மாற்றின கோப்புகள் இன்றும் வருகின்றன. அவற்றில் ஒரு திருட்டுப் பிழை உண்டு. 'ர்' வரவேண்டிய இடத்தில், துணைக்காலைப் போட்டு அதன் தலையில் புள்ளி வைத்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றேபோல இருக்கும். வித்தியாசம் எல்லாம் 'ர'வுக்குக் கீழே சாய்ந்து இறங்குகிற அந்தச் சின்ன வால்தான். சில எழுத்துருக்களில் புள்ளி வைத்தவுடன் அந்த வாலையும் வெட்டிவிடுவார்கள், அங்கே கடவுள்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேடி மாற்றினால் போகாதா என்று கேட்பீர்கள். போகும், இன்னதுதான் பிழை என்று முன்கூட்டியே தெரிந்தால். 'ஔ' வரவேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக உட்கார்ந்திருப்பது, 'மு'வும் 'ழு'வும் இடம் மாறியிருப்பது, விட்டுப்போன ஒற்றைப் புள்ளி, இதெல்லாம் கண்ணால் பிடிக்க வேண்டியவை.

கண்ணுக்குத் துணையாக இருந்தது ஒரு 22 அங்குல மானிட்டர், 1920க்கு 1080. அதில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் நூறு புள்ளிதான், அதாவது நூறு பிக்சல். பத்தரைப் பாயிண்ட் அளவில் எழுத்தை வைத்தால் கோட்டின் தடிமன் ஒரு பிக்சலுக்கு வந்துவிடும். 'ர'வின் வால் ஒரு சாம்பல் கறையாகத் தெரியும். 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் அப்போது முழுப் பக்கம் கண்ணில் படாது, பக்கத்தின் அழகு தெரியாது. இதற்காகத்தான் காசு சேர்த்து ஒரு 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். 3840க்கு 2160, அங்குலத்துக்கு 163 புள்ளி.

மானிட்டர் வருகிற சேதி கேட்டு, பெங்களூருவில் இருக்கும் அக்கா மகன் தான் பயன்படுத்தாமல் வைத்திருந்த டாக்கிங் ஸ்டேஷனைக் கூரியரில் அனுப்பினான். சீப்பு டப்பா அளவில் ஒரு கருப்புப் பெட்டி. பின்பக்கம் மானிட்டருக்குப் படம் போக எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் என்று இரண்டு வகைத் துளை, நெட் ஒயர் மாட்ட ஒரு துளை. முன்பக்கம் யுஎஸ்பி மூன்று. "சித்தி, எல்லாத்தையும் இதுல மாட்டிடுங்க. லேப்டாப்புக்கு ஒரே ஒயர்தான். டைப்-சி. சார்ஜும் அதுலயே ஏறும், படமும் அதுலயே போகும்" என்றான். என் மேசையைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த 'ஒரே ஒயர்' எவ்வளவு பெரிய ஆசை என்று தெரியும். சார்ஜர், ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், நெட், பழைய மானிட்டர். வீடு கூட்ட வருகிற அம்மா என் மேசைக்கடியில் துடைப்பத்தை விடவே மாட்டார்.

மாட்டினேன். டாக்கின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டருக்கு, மானிட்டர் பெட்டியிலேயே வந்த கேபிள். திரை உடனே எழுந்தது. விண்டோஸில் அளவு 3840க்கு 2160 என்று காட்டியது. எழுத்தின் அளவை 150 சதவீதம் என்று வைத்துவிட்டு, கையில் இருந்த ஒரு சிறுகதைத் தொகுப்பைத் திறந்தேன். என்ன சொல்ல! 'ணை'யின் சுழியெல்லாம் சுழியாகவே தெரிந்தது. 'ஞ'வின் வளைவு உடையாமல் ஓடியது. மூன்று மெய்ப்பு தாண்டி வந்த புத்தகத்தில் முதல் இருபது பக்கத்திலேயே இரண்டு பொய் 'ர்' பிடித்தேன். எழுத்து அவ்வளவு துல்லியமாக வந்ததால்தான், அசைவில் இருந்த கோளாறை மானிட்டர் பேரில் சுமத்த எனக்கு மனசே வரவில்லை. இவ்வளவு நன்றாகக் காட்டுகிறதே, இதைப் போய்க் குறை சொல்வதா?

பதினோராவது நாள் தற்செயலாகத்தான் பிடிபட்டது. பக்கத்தில் திறந்திருந்த லேப்டாப் திரையில் ஒரு ஜன்னலைப் பிடித்து மானிட்டருக்கு இழுத்தேன். லேப்டாப் திரையில் இருக்கும்வரை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. எல்லையைத் தாண்டி மானிட்டருக்குள் நுழைந்ததும் தட்டுத்தட்டாகக் குதித்தது. திரும்ப இழுத்தேன், வழுக்கியது. மறுபடி மானிட்டர், குதித்தது. பத்துப் பதினைந்து தடவை சின்னப் பிள்ளை மாதிரி இழுத்து இழுத்துப் பார்த்தேன். கை ஒன்றுதான். தைலத்தை அலமாரியில் வைத்தேன்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே, அதில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே மானிட்டரின் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது: 30 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு முப்பது முறைதான் படம் மாறுகிறது. சாதாரணமாக இது 60 இருக்கும். அறுபதில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய 17 மில்லிநொடி, முப்பதில் 33. படிக்கும்போது இது தெரியவே தெரியாது. கையை அசைத்து, கண் அந்த அசைவைத் தொடரும்போதுதான் உறைக்கும். சரி, 60 என்று மாற்றிவிடலாம் என்று பட்டியலைத் திறந்தால் 30, 29.97, 25, 24 என்று கீழ்நோக்கித்தான் போகிறதே தவிர, 60 என்ற எண்ணே அதில் இல்லை.

அப்புறம் எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். முதலில் கேபிளின் மேல் பழி. எச்டிஎம்ஐ 1.4 என்ற 2009ஆம் ஆண்டு வகையில் 4கே படம் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 2013இல் வந்த 2.0 வகையில்தான் 60 போகும் என்று படித்துவிட்டு, அறுநூற்றுச் சொச்சம் கொடுத்து ஒரு நல்ல கேபிள் வரவழைத்தேன். அதே 30. மானிட்டரின் மெனுவுக்குள் போய்த் துழாவினேன். சில மானிட்டர்களில் உள்ளே வருகிற இணைப்பைப் பழைய வகை, புது வகை என்று தேர்ந்தெடுக்க ஒரு வரி இருக்கும், அது பழையதில் நின்றிருந்தாலும் இப்படி ஆகும். என்னுடையது சரியாகவே இருந்தது. டாக்குக்கு மென்பொருள் புதுப்பித்தேன். அதே 30. எச்டிஎம்ஐயைக் கழற்றிவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மாட்டினேன், இதில் நிச்சயம் வரும் என்ற நம்பிக்கையில். அங்கும் 30 தான்.

நடுவில் ஒரு வேலை செய்தேன். ரெசல்யூஷனை 2560க்கு 1440 என்று இறக்கினேன். உடனே பட்டியலில் 60 வந்து உட்கார்ந்தது! மவுஸ் கையோடு ஓடியது. ஆனால் எழுத்து போயிற்று. 4கே பலகையில் குறைந்த புள்ளிகளை இழுத்து நிரப்பும்போது எந்தக் கோடும் பிக்சலில் சரியாக உட்காராது. ஈரத்தாளில் அச்சடித்த மாதிரி ஒரு கசிவு. இரண்டு நாள் அதில் ஓட்டினேன். ஆனாலும் அந்தச் சோதனைதான் எனக்கு வழி காட்டியது. படத்தைச் சின்னதாக்கினால் வேகம் வருகிறது, பெரிதாக்கினால் வேகம் போகிறது என்றால், எதுவும் பழுதாகவில்லை. எங்கோ வழி குறுகலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று இரவு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தக் கணக்கை ஜிகாபிட்டில் படித்தபோது என் மண்டையில் ஏறவில்லை. ஒரு ஜிகாபிட் என்றால் நூறு கோடி பிட். கோடியில் மாற்றினதும் மளிகைக் கணக்கு மாதிரி ஆகிவிட்டது.

4கே திரையில் 82,94,400 புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எட்டெட்டாக 24 பிட். நொடிக்கு அறுபது தடவை. பெருக்கினால் நொடிக்கு 1194 கோடி பிட். இதோடு முடியாது. பக்கத்துக்கு நாங்கள் நாலு பக்கமும் ஓரம் விடுகிறோமே, அதே மாதிரி படத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓரம் உண்டு. படக்குழாய் டிவி காலத்தில், கதிர் ஒரு வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப அவகாசம் வேண்டுமே, அதற்கு விட்ட இடம். குழாய் போய்விட்டது, ஓரம் இன்னும் இருக்கிறது, அளவு சுருங்கி. அதையும் சேர்த்தால் சுமார் 1280 கோடி. முப்பது ஹெர்ட்ஸ் என்றால் இதில் ஏறக்குறையப் பாதி.

இப்போது வழி. டைப்-சி துளைக்குள் 24 முனைகள். அவற்றில் வேகமான போக்குவரத்துக்கு நான்கு தடங்கள். மானிட்டரை நேராக லேப்டாப்பில் மாட்டினால் நான்கையும் படத்துக்கே கொடுத்துவிடலாம். ஆனால் டாக்கில் ஹார்ட் டிஸ்க் உண்டு, நெட் உண்டு. அதனால் டாக் என்ன செய்கிறது? கல்யாண மண்டபத்தில் நாலு வரிசை இலை போட இடம் இருக்கிறது. அதில் இரண்டு வரிசை சம்பந்தி வீட்டாருக்கு என்று ஒதுக்கி, அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் இலை போட்டே வைத்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கை நான் கழற்றி வைத்துப் பார்த்தேன், அந்த இரண்டு வரிசை படத்துக்குக் கிடைக்கவே இல்லை. என் டாக் போன்ற எத்தனையோ டாக்குகளில் படத்துக்கு மிஞ்சுவது இரண்டே தடம்தான்.

அந்த ஒரு தடத்தில் எவ்வளவு போகும் என்பது லேப்டாப்பின் வயதைப் பொறுத்தது. என்னுடையது 2019இல் வாங்கியது, எட்டாம் தலைமுறைச் சில்லு. டைப்-சி துளையிலும் படம் போவது டிஸ்ப்ளேபோர்ட் முறையில்தான். என் லேப்டாப் பேசுவது டிஸ்ப்ளேபோர்ட் 1.2, அதாவது 2010இல் வந்த வகை. ஒரு தடத்துக்கு 540 கோடி பிட். இதிலும் நகைக்கடை மாதிரி சேதாரம் உண்டு: எட்டு பிட் அனுப்ப வேண்டுமென்றால் கம்பியில் பத்து பிட் போக வேண்டும். ஐந்தில் ஒன்று கழிந்தால் கைக்கு வருவது 432 கோடி. இரண்டு தடத்துக்கு 864 கோடி.

தேவை 1280. இருப்பது 864.

காகிதத்தில் இந்த இரண்டு எண்ணும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. புதுக் கேபிளும் மென்பொருள் புதுப்பிப்பும் இந்த 416 கோடியை எங்கிருந்து கொண்டுவரும்? எச்டிஎம்ஐயில் மாட்டினால் என்ன, டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டினால் என்ன, இரண்டும் டாக்கின் பின்பக்கம்தான். குறுகல் இருந்தது அதற்கு முன்னாலேயே, லேப்டாப்புக்கும் டாக்குக்கும் நடுவே. நான் வீட்டுக் குழாயை மாற்றிக்கொண்டிருந்தேன். தெருக்குழாய் அரை அங்குலம்.

2014இல் வந்த 1.3 வகையில் ஒரு தடத்தின் வேகம் 810 கோடி ஆயிற்று, 2016இன் 1.4 வகையிலும் அதே வேகம். சேதாரம் போக 648. இரண்டு தடத்துக்கு 1296 கோடி. 1280ஐ உள்ளே தள்ளிவிட்டுப் பதினாறு கோடி மிச்சம்! இவ்வளவும் தெரிந்த பிறகு டாக்கோடு வந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். பெரிய எழுத்தில் '4கே 60 ஹெர்ட்ஸ்'. ஓரத்தில் ஒரு நட்சத்திரக்குறி. காகிதத்தின் அடியில், ஐந்து பாயிண்ட்டுக்கு மேல் இருக்காது அந்த எழுத்து, '1.4 வகை உள்ள கணினிகளில் 60; 1.2 வகை என்றால் 30' என்கிற பொருளில் ஒரு வரி. பொய் சொல்லவில்லை. ஆனால் ஐந்து பாயிண்ட்டில் உண்மை சொல்வதற்கு அச்சுத் தொழிலில் எங்களுக்கு வேறு பெயர் இருக்கிறது.

அக்கா மகனைக் கூப்பிட்டேன். "டேய், உன் டாக்குல படத்துக்கு ரெண்டு தடம்தாண்டா." மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சித்தி, இதெல்லாம் யார் சொன்னா?" கணக்கைப் படித்துக் காட்டினேன். டாக் வாங்குவதற்கு முன்னால் தானே இதைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டான். அவன் வைத்திருந்தது 1080 மானிட்டர். அதற்கு முந்நூற்றுச் சொச்சம் கோடிதான் வேண்டும், அவனுக்கு உறைத்திருக்க வழியே இல்லை.

வழி இரண்டு மூன்று இருந்தது. தண்டர்போல்ட் என்கிற அதிவேக இணைப்பு உள்ள லேப்டாப் என்றால் அதற்கான டாக் வாங்கலாம். 40 ஜிகாபிட், அதாவது 4000 கோடி வழி, சண்டையே இல்லை. என் லேப்டாப்பில் அதற்கு அடையாளமான மின்னல் குறி கிடையாது. இன்னொரு வகை டாக், படத்தைச் சுருக்கி யுஎஸ்பி வழியாகவே அனுப்பும். அதற்கென்று ஒரு மென்பொருள் போட வேண்டும், சுருக்குகிற வேலையை லேப்டாப் செய்ய வேண்டும். ஆயிரம் பக்கப் பிடிஎஃப் திறக்கும்போதே மூச்சு வாங்குகிற லேப்டாப்பின் தலையில் இதையும் வைக்க எனக்கு மனமில்லை. லேப்டாப்பின் சொந்த எச்டிஎம்ஐயில் நேராக மாட்டிப் பார்த்தேன், அது 1.4 வகை, சேதாரம் போக 816 கோடி, அங்கும் அதே முப்பது.

மிச்சமிருந்தது, லேப்டாப்பின் இரண்டாவது டைப்-சி துளை. ஒன்றில் டாக், மற்றொன்றில் மானிட்டர் நேராக. நான்கு தடமும் படத்துக்கு: 1728 கோடி. அதற்கு ஒரு முனை டைப்-சி, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கேபிள் வேண்டும். இணையத்தில் வாங்கி, வராமல், திருப்பி அனுப்பி, மறுபடி வாங்கி... அந்தப் பொறுமை தீர்ந்துவிட்டது. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு நங்கநல்லூர் ரோடு நிலையத்தில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன்.

நான் போன கடை ஒரு ஆள் திரும்ப முடியாத அகலம். உள்ளே இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"தம்பி, டைப்-சி டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். 4கே, 60 ஹெர்ட்ஸ் வரணும்."

"வரும்க்கா."

"எல்லாரும் வரும்னுதான் சொல்றாங்க. போட்டுக் காட்டுங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அடிபட்டிருக்கீங்க போல" என்றபடி ஒரு கேபிளை எடுத்து, லேப்டாப்பின் இரண்டு டைப்-சி துளைகளையும் டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கத்தில் இருக்கிற குறியைப் பாருங்கள் என்றார்: 'டி' எழுத்துக்குள் 'பி' நுழைந்த மாதிரி ஒரு சின்னம் இருந்தால் அந்தத் துளையில் படம் வரும், வெறும் சார்ஜ் குறி மட்டும் என்றால் சந்தேகம்தான். என்னுடையதில் இரண்டிலும் இருந்தது. "இந்த ஒயருக்குத் திசை உண்டுக்கா. லேப்டாப்புல இருந்து மானிட்டருக்கு மட்டும்தான் போகும். வேற எங்கயாவது திருப்பிப் போட்டுட்டு வரலன்னு வந்துறாதீங்க." கடையில் சோதனைக்கு வைத்திருந்த 4கே மானிட்டரில் மாட்டினார். நானே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள் போய்ப் பார்த்தேன். 60. கீழே எட்டு பிட், ஆர்ஜிபி என்று இருந்தது, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் குறையாமல் வருகின்றன.

அந்த ஆர்ஜிபி வரியைப் பார்க்கச் சொல்வது என் தொழில் புத்தி. சில இணைப்புகளில் வழி போதாதபோது, நிறத்தின் விவரத்தைக் குறைத்து அனுப்பி 60ஐக் காட்டிவிடுவார்கள்; அங்கே 4:2:0 என்று எழுதியிருக்கும். சினிமா பார்க்க அது போதும். ஆனால் நிறமுள்ள எழுத்தின் ஓரம் கசங்கிவிடும். எங்கள் பிடிஎஃபில் திருத்தமெல்லாம் சிவப்பில்தான் வரும். சிவப்பில் கசங்கிய ஒரு 'ற'வை 'ர' என்று படித்துப் பக்கத்தைக் கெடுத்தால், அதற்கு முப்பது ஹெர்ட்ஸே மேல்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். அம்புக்குறி கையோடு வந்தது. இதைச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. இத்தனை நாள் பிடித்து வைத்திருந்ததை யாரோ விட்ட மாதிரி. டாக்கைத் தூக்கி எறியவில்லை. அதன் எச்டிஎம்ஐயில் பழைய 22 அங்குலத்தை மாட்டி, நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்தேன். அதில் மூலக் கோப்பு, புதியதில் பக்கம். பழைய மானிட்டருக்கு 864 கோடியெல்லாம் தாராளம். சார்ஜ், நெட், ஹார்ட் டிஸ்க், கீபோர்டு எல்லாம் டாக்கிலேயே. ஆக, லேப்டாப்புக்கு இரண்டு ஒயர்.

இப்போது வீட்டில் டைப்-சி கேபிள் மட்டும் ஆறு இருக்கின்றன. ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றல்ல. போனுக்கு வந்தது சார்ஜ் ஏற்றும், ஆனால் அதற்குள் வேகமான தடங்களுக்கான கம்பியே கிடையாது. டாக்குக்கு அதைப் போட்டால் படம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் டாக் கேபிளும் போன் கேபிளும் மாறிப்போய், மறுபடி எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றே ஊறுகாய் பாட்டிலுக்கு ஒட்டுகிற வெள்ளை டேப்பை எடுத்து, மார்க்கரால் எழுதி, ஒவ்வொன்றின் கழுத்திலும் சுற்றிவிட்டேன். 'திரை'. 'டாக்'. 'சார்ஜ் மட்டும்'. 'சார்ஜ் மட்டும்'. 'தெரியவில்லை'. 'சார்ஜ் மட்டும்'.

தீபாவளிக்கு அக்கா மகன் வந்தான். அவன் கம்பெனி கொடுத்த புது லேப்டாப்பும் தோளில் கூடவே வந்தது. பலகாரத் தட்டோடு நேராக என் மேசைக்குத்தான் வந்தான். "ஒரு நிமிஷம் சித்தி" என்று பழைய மானிட்டரைக் கழற்றிவிட்டு, 4கேயை டாக்கின் டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டி, டாக்கின் ஒயரைத் தன் லேப்டாப்பில் செருகினான். ஒரே ஒயர். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயைத் திறந்தான். 60.

"பாத்தீங்களா, டாக் மேல தப்பில்ல."

"இல்லைதான். 1296ல 1280. பதினாறு கோடி மிச்சம் இருக்கும் பாரு."

"நீங்களும் புதுசு வாங்கிடுங்களேன். ஒரே ஒயர்ல முடிஞ்சுடும்."

ஜனவரியில் புத்தகக் கண்காட்சி. நாலு புத்தகம் காத்திருக்கிறது, அதில் ஒன்று அறுநூறு பக்க நாவல், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது. அவன் ஒயரைக் கழற்றிவிட்டு, 'திரை'யையும் 'டாக்'கையும் பழையபடி என் லேப்டாப்பில் மாட்டினேன். விட்ட பக்கம் திறந்தது. அவன் குனிந்து பார்த்து, "எங்க சித்தி, அந்தப் பொய் 'ர்' எப்படி இருக்கும்?" என்று விரலை நீட்டினான்.

"காட்டறேன், திரையைத் தொடாதே. முறுக்குக் கை."